மில்காரர் கையில் என் தூண்டில் நரம்பு

தேயிலை விலை சரிந்து நீலகிரி மலையே முடங்கிக் கிடந்த காலத்தில், குந்தா பக்கத்து எஸ்டேட் ஒன்றின் குளக்கரையில் நடந்தது இது. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அந்த எஸ்டேட்டில் கிளார்க்காகச் சேர்ந்து ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்று, ஊட்டி காந்தலில் இரண்டு அறை வீடு ஒன்றில் குடியேறியிருந்தேன். நான் வெளியே வந்த மறு வருடமே ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். கொழுந்து பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. பறிக்காமல் விட்ட செடிகள் இடுப்பைத் தாண்டி, ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்தன. எங்கு பார்த்தாலும் வெள்ளையாகத் தேயிலைப் பூ. அத்தனை வருடம் எஸ்டேட்டில் இருந்தும் அவ்வளவு பூவை நான் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எஸ்டேட்காரனுக்கு அது பறிக்காமல் போன கொழுந்தின் கணக்கு.

அந்த ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்தவர் என் நண்பர். கொழுந்தை எவ்வளவு நேரம் வாட விடுவது, எப்போது அரைப்பது, எப்போது அடுப்புக்கு அனுப்புவது என்பதெல்லாம் டீ மேக்கரின் மூக்கு முடிவு செய்கிற விஷயம். எஸ்டேட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பார்க்கிற வேலைதான் பெயர். அவருக்கு நான் ஹெட் கிளார்க், எனக்கு அவர் டீ மேக்கர். இரண்டு பேர் வேலையும் போன பிறகும் அப்படியேதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தூண்டில். பங்களாவுக்குக் கீழே, நாற்றுப் பண்ணைக்குத் தண்ணீர் விடுவதற்காக எந்தக் காலத்திலோ வெட்டிய சின்னக் குளம் ஒன்று இருந்தது. அதில் கெண்டை மீன்கள் உண்டு. பெரும்பாலும் ஒரு சாண் நீளம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. விலாவில் பெரிய செதில் மின்னுகிற கண்ணாடிக் கெண்டைகள் இரண்டு மூன்று மட்டும் முழ நீளத்துக்கு வளர்ந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூண்டில் போடுவேன், டீ மேக்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அவர் ஒரு நாளும் கழியைத் தொட்டதில்லை.

"எனக்கு மீனு வாணலியில கெடந்தாத்தானுங்க அடையாளமே தெரியும்" என்பார்.

அந்த மாசி மாதம் ஒரு நாள் பிக்கட்டி பஸ்ஸில் ஏறி ஊட்டிக்கு வந்து, காந்தலில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் சரியாக இல்லை. காபியைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். திருப்பூர் பக்கத்து நூல் மில் முதலாளி ஒருவர், எஸ்டேட் பங்களாவையும் அதைச் சுற்றியிருந்த இடத்தையும் நீண்ட கால குத்தகைக்கு எடுத்துவிட்டார். சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்கு விடுதியாக மாற்றப் போகிறார். டீ மேக்கர் குடியிருந்த குவார்ட்டர்ஸும் குளமும் அந்த எல்லைக்குள்தான் வந்தன. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு ஃபாக்டரிக்குப் போகலாம் என்றால் திறந்திருந்தால்தானே? டீ மேக்கருக்குச் சொந்தமாக வீடு கிடையாது. கீழே அன்னூர் பக்கம் தம்பி வீடு இருந்தது. அங்கே போய் ஒண்டுவதற்கு அவர் மனைவிக்கு இஷ்டமில்லை.

"குளத்தை மூடி காரு நிறுத்தற எடமாக்கப் போறேன்னாருங்க. எனக்கு என்ன தோணுச்சோ, 'ஏனுங்க முதலாளி, குளத்துல மீனு கெடக்குதுங்க, வர்றவங்க தூண்டில் போட்டு வெளையாடட்டுமே, நான் கூட இருந்து பாத்துக்கறேன்'னு சொல்லிப்போட்டேன்."

"அதுக்கு அவரு?"

"சிரிச்சாருங்க. நல்ல மனுசன்தான். 'அப்படிங்களா, வர்ற ஞாயித்துக்கெழம வர்றேன், என் கையால ஒரு மீன் புடிக்க வெச்சுக் காட்டுங்க. நான் புடிச்சுட்டா என் விருந்தாளியும் புடிப்பான். குளமும் இருக்கட்டும், நீங்களும் உங்க ஊட்டுலயே இருந்து பாத்துக்குங்க'ன்னாரு." காபியைக் கீழே வைத்தார். "ஒரே ஒரு மீனுங்க, ஹெட் கிளார்க். உங்களுக்கென்ன, பூப்பறிக்கற மாதிரி எடுப்பீங்க."

எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்டு வந்ததில்லை. மீனுக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே இருவரும் பஜாருக்குப் போனோம்.

மற்ற சாமான்கள் என்னிடம் இருந்தன. மூங்கில் கழி, மயில் இறகுத் தண்டில் செய்த தக்கை, ஈயக் குண்டு, சின்ன முள். நரம்பு மட்டும் புதிதாக வேண்டும். தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் இழையை எங்கள் பக்கம் நரம்பு என்போம். பழைய நரம்பை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் நம்பக் கூடாது. வெயில் பட்டால் உள்ளுக்குள் உலர்ந்து போகும், வெளியே ஒன்றும் தெரியாது.

மெயின் பஜாரில் குடை, தார்ப்பாய், கயிறு விற்கிற கடை ஒன்றில் தூண்டில் சாமானும் வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒரு பாய். ஊட்டி ஏரிக்குப் போகிற வேடிக்கைப் பிரியர்களுக்குத் தடித்த நரம்பைக் கொடுத்தே பழகியவர். மேஜை மேல் சுருள் சுருளாக எடுத்துப் போட்டார்.

நான் முதலில் கடை முகப்பில் வெயில் படும் இடத்தில் தொங்கியவற்றை ஒதுக்கினேன். உள் அலமாரியில் இருந்ததை எடுக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு முழம் இழுத்து, கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு உருவிப் பார்த்தேன். நகத்தில் சொரசொரவென்று ஏதாவது தட்டினால் அது வேண்டாம். சுருளிலிருந்து விட்டதும் நேராகத் தொங்குகிறதா, ஸ்பிரிங் மாதிரி மறுபடியும் சுருட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சுருட்டிக்கொள்கிற நரம்பில் தக்கை ஒரு நிலையில் நிற்காது. நிறமும் முக்கியம். எங்கள் குளத்தின் அடியில் பாசி, அதனால் வெள்ளையைவிட லேசான பச்சை நல்லது.

கடைசியில் இரண்டு சுருள் மிஞ்சின. ஒன்று இருபத்தைந்தாம் நம்பர். கால் மில்லிமீட்டர் கனம். இன்னொன்று பதினாலு. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் கனம். கையை நீட்டிப் பிடித்தால் இருப்பதே தெரியாது.

பாய் பதினாலை விரலில் சுற்றிப் பார்த்தார். "ஏன் சார், மீன் புடிக்கவா, இல்ல மீனு கிழிஞ்சா தையல் போடவா?"

டீ மேக்கர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இருவருக்கும் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். மாசியில் மழை இல்லை, குளத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். சின்னக் கெண்டை இரையை லபக்கென்று விழுங்காது. உறிஞ்சிப் பார்க்கும், துப்பும், மறுபடி உறிஞ்சும். தடித்த நரம்பில் கட்டிய மாவு உருண்டை விறைத்துக்கொண்டு தொங்கும், மீனுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். மெல்லிய நரம்பில்தான் இரை தானாக விழுந்தது போலத் தண்ணீரில் இறங்கும். தடித்ததைப் போட்டால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு மீன் வராது. இப்படியே சொல்லிக்கொண்டு போனேன்.

"சரிங்க, ரெண்டையும் வாங்கிக்கலாமுங்களே" என்றார் டீ மேக்கர்.

"ரெண்டு எதுக்குங்க? எது சரியின்னு தெரிஞ்ச பொறகு தப்பானதை எதுக்குச் சுமக்கறது?"

இருபத்தைந்தைப் பாய் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்.

சனிக்கிழமையே எஸ்டேட்டுக்குப் போய் டீ மேக்கர் வீட்டில் தங்கினேன். நரம்பைச் சோதித்துப் பார்க்காமல் எனக்கு மனம் அடங்காது. மூடிக் கிடந்த ஃபாக்டரியின் சாவி அவரிடம்தான் இருந்தது. கொழுந்து எடை போடுகிற கொட்டகையில் பழைய எடைக்கற்கள் ஒரு மூலையில் துருவேறிக் கிடந்தன. நரம்பை உத்தரத்தில் கட்டி, கீழே முடிச்சுப் போட்டு, முதலில் ஒரு கிலோ கல்லைத் தொங்கவிட்டேன். தாங்கியது. இன்னொரு கிலோவைச் சேர்த்தேன். அதையும் தாங்கியது. மேலே அரைக் கிலோ வைத்ததும்தான் முடிச்சில் அறுந்தது. இரண்டு கிலோ தாங்குகிற நரம்பு, அரைக் கிலோகூட இல்லாத மீன். நான்கு மடங்கு பலம் இருக்கிறது என்று கணக்குச் சொன்னேன்.

டீ மேக்கர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. காலியாகக் கிடந்த கொழுந்து வாட்டுகிற தொட்டிகளின் பக்கம் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"வாசமே போயிருச்சுங்க" என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆறு நரம்புகளுக்கு முள் கட்டினேன். மெல்லிய நரம்பில் முடிச்சை அப்படியே இறுக்கினால் உரசுகிற சூட்டில் கருகிப் பலம் போய்விடும். எச்சில் தொட்டு, ஐந்து சுற்றுச் சுற்றி, மெதுவாக இறுக்க வேண்டும். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கோதுமை மாவில் கொஞ்சம் தேன் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, ஒரு மீனுக்கு ஆறு முள்ளுங்களா?"

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதானுங்க அம்மிணி."

"போகாம இருக்கோணும்" என்றவர் மாவை மூடி வைத்துவிட்டு, "இந்த ஊட்ட வுட்டா எனக்கு வேற ஊடு கண்ணுல தெரியலீங்ணா" என்றார். நான் முடிச்சில் கண்ணாக இருந்தேன். ஆகட்டும், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மூடுபனி விலகி நல்ல வெயில் அடித்தது. தண்ணீர் நான் சொன்னது போலவே கண்ணாடியாக இருந்தது. மில் முதலாளி வந்தார். பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. வருவதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவரோ என்று நான் கவலைப்பட்டதெல்லாம் வீண். கரையில் போட்டிருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டுப் புல்லிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இது எத்தனாம் நம்பருங்க?" என்று நரம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"பதினாலுங்க. இருபத்தஞ்சுன்னா இதவிடத் தடிமன்."

"அட! எங்க நூலுல நம்பர் ஏற ஏறச் சன்னமுங்க. உங்களுது தலைகீழா இருக்குதே" என்று கடகடவென்று சிரித்தார். டீ மேக்கரும் சிரித்தார். எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது.

இவ்வளவு மெல்லிய நரம்பு எதற்கு என்று அவரும் கேட்டார். கடையில் நடத்திய பாடத்தை அவருக்கும் முழுதாக நடத்தினேன். தடித்த நரம்பென்றால் இந்தக் குளத்து மீன் எட்டிக்கூடப் பார்க்காது என்று அடித்துச் சொன்னேன். அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். தக்கை ஆடும்போது பேசாமல் இருக்க வேண்டும், அது சாய்ந்து நகர்ந்தால் கழியின் நுனியை மட்டும் மெல்லத் தூக்க வேண்டும் என்று இரண்டு தடவை செய்து காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் தக்கை ஆடியது. நின்றது. சாய்ந்து நகர்ந்தது.

"இப்பத் தூக்குங்க, மெல்ல" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். டிக்கென்று சின்னச் சத்தம். கழி நிமிர்ந்துவிட்டது. தக்கை மட்டும் தண்ணீரில் மிதந்தது.

"அறுந்து போச்சுங்களே!"

"மெல்லத் தூக்கணுமுங்க."

"மெல்லத்தானுங்க தூக்கினேன்."

அவர் பொய் சொல்லவில்லை. கழியில் மிஞ்சியிருந்த நரம்பை எடுத்து இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து, வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். அறுந்தது. மறுபடியும் பிடித்து இழுத்தார். மறுபடியும் அறுந்தது. "நாப்பது வருசமா நூல இப்படித்தானுங்க பாக்கறது. ஒரு வெட்டுல அதோட சங்கதி தெரிஞ்சுரும்" என்றார். அவர் கைக்கு அந்த ஓர் அசைவுதான் தெரியும். ஏதாவது இழை கையில் வந்து இறுகினால் உடனே வெட்டி இழுத்துவிடும். நான் சொல்லி அது மாறப் போவதில்லை. எடைக்கல்லை நான் மெல்லத் தொங்கவிட்டுத்தான் பார்த்திருந்தேன். வெட்டி இழுத்தால் என்னவாகும் என்று பார்க்கவே இல்லை.

இரண்டாவது நரம்பும் போயிற்று. மூன்றாவதில் மீன் மாட்டவில்லை. அவர் இழுத்த வேகத்தில் முள் பின்னால் பறந்து ஒரு தேயிலைச் செடியில் சிக்கி, எடுக்கப் போனபோது அறுந்தது. எனக்கு உள்ளே எரிச்சல் ஏற ஆரம்பித்தது. "விரலால தூக்கணுமுங்க, தோளால இல்லை" என்றேன். குரலில் எஸ்டேட் ஆபீஸ் தொனி வந்துவிட்டது எனக்கே தெரிந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நூல வித்துப் பொழைக்கறவன் நானு. என் கையில அறுந்து போற நூலாக் குடுக்கறீங்களே, ஏனுங்க!"

நான்காவது தடவை வந்தது பெரிய மீன். தண்ணீருக்கு அடியில் திரும்பும்போது அதன் விலாவில் காசு காசாகச் செதில் மின்னியதை நாங்கள் மூவருமே பார்த்தோம். டீ மேக்கர் எழுந்தே நின்றுவிட்டார். "முதலாளி, புடிச்சுட்டீங்க, புடிச்சுட்டீங்க!" என்று கத்தினார். அவர் மனைவி சமையலறை வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். ஒரு நொடி. அவ்வளவுதான், அதுவும் போயிற்று. ஐந்தாவது எப்படிப் போனது என்று எனக்கு இப்போது நினைவில்லை.

கடைசி நரம்பைக் கழியில் கட்டினேன். முதலாளி கைகளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

"எனக்கு ஒரு சந்தேகமுங்க. கோளாறு நரம்புலயா, எங்கிட்டயா? நீங்க ஒருக்காப் போடுங்க, பாத்துருவோம்."

டீ மேக்கர் சட்டென்று குறுக்கே வந்தார். "வேண்டாமுங்க முதலாளி. நீங்களே போடுங்க. இந்த வாட்டி வந்துருமுங்க." என்னைப் பார்த்தும், "வேண்டாமுங்க ஹெட் கிளார்க்" என்றார்.

என் திறமை மேல் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்தேன். சுருக்கென்றது. கழியை வாங்கிக்கொண்டேன்.

அன்று நான் தூண்டில் போட்ட மாதிரி அதற்கு முன்னாலும் போட்டதில்லை, பின்னாலும் போட்டதில்லை. மாவு உருண்டை சத்தமே இல்லாமல் இறங்கியது. தக்கை லேசாகத் தலையாட்டியது. காத்திருந்தேன். இன்னும் காத்திருந்தேன். அது நகரத் தொடங்கியதும் விரலளவு தூக்கினேன், முள் பிடித்தது. மீன் ஆழத்துக்கு ஓடியது. கழியின் நுனியை வளைய விட்டு, அது இழுக்கும்போது கொடுத்து, அது தளரும்போது வாங்கி, இப்படியும் அப்படியும் நடத்தினேன். அந்த முடி போன்ற நரம்பு வெயிலில் ஒரு கோடாக மின்னியது. கொஞ்ச நேரத்தில் ஒன்றரைச் சாண் கெண்டை ஒன்று களைத்துப் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்து, கரைக்கு வந்து, என் கையில் கிடந்தது. நரம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

முதலாளி கைதட்டினார். உண்மையாகவே ரசித்துத் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, நரம்புல ஒரு கோளாறும் இல்லீங்க" என்றேன். காரியத்தைக் கெடுக்க வேறு யார் வாயும் வேண்டாம், என் வாயே போதும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

"அருமைங்க. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு" என்றார் முதலாளி. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஆனா இது வித்தைங்க. எங்கூர்ல இருந்து ரெண்டு நாளைக்கு வந்துட்டுப் போறவனுக்கு இது வராதுங்க. எனக்கே வல்லியே."

"அடுத்த வாரம் தடிச்ச நரம்பு வாங்கி வெச்சுர்றேனுங்க முதலாளி" என்றார் டீ மேக்கர். அவசரத்தில் நாக்குக் குழறியது. "அதுல அறாதுங்க."

"அட வுடுங்க டீ மேக்கர். தடிச்சதுல மீன் எட்டிக்கூடப் பாக்காதுன்னு இவருதானே சொன்னாரு? வித்தை தெரிஞ்ச மனுசன் சொல்றாரு, சரியாத்தான் இருக்கும்."

டீ மேக்கர் என்னைப் பார்த்தார். நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இருபத்தைந்திலும் மீன் வரும், நேரமாகும், பத்து தடவையில் ஒரு தடவையாவது வரும் என்று. அது பொய்யும் இல்லை. எத்தனையோ நாள் அதைவிடத் தடித்த நரம்பில் நானே பிடித்திருக்கிறேன். ஆனால் காலையில் அடித்துச் சொன்னதை மதியம் மாற்றிச் சொல்ல வாய் எழவில்லை. கையில் மீன் வேறு துடித்துக்கொண்டிருந்தது.

முதலாளிக்குக் கோயம்புத்தூரில் வேலை இருந்தது. டீ மட்டும் குடித்துவிட்டு, டீ பிரமாதம் என்று டீ மேக்கரைப் பாராட்டிவிட்டுக் கிளம்பினார். கார் வளைவில் திரும்பும் வரை நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

அன்று மதியம் அந்த மீனை டீ மேக்கர் மனைவி வறுத்தார். நான் பஸ்ஸுக்குப் போகிறேன் என்றேன், விடவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மீன். நடுத்துண்டை, பெரிய துண்டை, என் தட்டில் வைத்தார். நான் மறுத்தேன்.

"சாப்புடுங்ணா. நீங்க புடிச்ச மீனு" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

டீ மேக்கர் வால்துண்டைப் பிய்த்துக்கொண்டே, "முள்ளு ஜாஸ்திங்க ஹெட் கிளார்க், பாத்துச் சாப்புடுங்க" என்றார்.

முள் முள்ளாக எடுத்து வைத்துச் சாப்பிட்டு முடித்தேன். ஜன்னலுக்கு வெளியே அவர் மனைவி போட்டிருந்த காரட் பாத்தி தெரிந்தது. பிடுங்குவதற்கு இன்னும் ஒரு மாதமாவது ஆகும் போல இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. டீ மேக்கர் "வேண்டாமுங்க" என்றது என் திறமையைச் சந்தேகப்பட்டு அல்ல. நான் பிடித்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்துதான் வேண்டாம் என்றார். தூண்டிலைத் தொட்டே பழகாத மனுஷனுக்கு அது தெரிந்திருந்தது, ஏனென்றால் போகப் போவது அவருடைய வீடு. நான் கழியை வாங்கியிருக்கவே வேண்டாம். முதலாளி கையிலேயே அது இருக்க, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கை மேல் என் கையை வைத்துக்கொண்டிருந்தால் போதும். மீன் வந்திருக்கும். அவரும் தான் பிடித்ததாகவே நினைத்துக்கொண்டு போயிருப்பார். இவ்வளவு எளிய வழி அங்கே எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எத்தனை முறை யோசித்திருப்பேனோ தெரியாது. நரம்பை நான் மீனுக்காகவும் தண்ணீருக்காகவும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பிடிக்கப் போகிற கை எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நூல் மில்காரர் என்று தெரிந்தும் கேட்கவில்லை.

பங்குனியில் குளத்தை மூடிவிட்டார்கள். நான் பார்க்கப் போகவில்லை. தண்ணீரை வடித்து, மீனைக் கூடை கூடையாக அள்ளி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

முதலாளி நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா, டீ மேக்கரைத் தெருவில் விடவில்லை. கீழே தன் மில்லிலேயே கேட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்து, தங்க ஓர் இடமும் கொடுத்தார். சித்திரை வெயில் தொடங்கும்போது மலையை விட்டு இறங்கினார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வழியனுப்பப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகக் கீழே போனபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். மில்லுக்குப் பின்னால் வரிசையாகத் தகரக் கூரை போட்ட வீடுகள். மத்தியான வெயிலில் உள்ளே கால் வைக்க முடியவில்லை. பஞ்சுத் தூசி எல்லா இடத்திலும் பறந்தது. டீ மேக்கர் காக்கிச் சட்டையில் இருந்தார். இளைத்துப் போயிருந்தார், அடிக்கடி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதெல்லாம் வாசனையே தெரிவதில்லை என்று ஏதோ சளியைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். அந்த மூக்கை நம்பி ஒரு காலத்தில் ஒரு ஃபாக்டரியே ஓடியது.

என்னைப் பார்த்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு நடுவில் என்னை உட்கார வைத்தார். நான் பயந்துகொண்டே வந்த பேச்சு அப்போதுதான் வந்தது, ஆனால் நான் நினைத்த விதத்தில் வரவில்லை.

"இவருதானுங்க நான் சொல்லுவேனே, எங்க ஹெட் கிளார்க். முடியாட்டச் சன்னமான நரம்புல அத்தாப்பெரிய மீன எடுத்தாருங்க, நம்ம முதலாளியே கைதட்டிப்போட்டாரு. இவராட்டத் தூண்டில் போடறதுக்கு மலையில ஆளு கெடையாது" என்றார். அவர்கள் எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வந்து அது எப்படி என்று கேட்டார். டீ மேக்கர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கிண்டல் இல்லை, வருத்தம் இல்லை, நிஜமான பெருமை. தன் வீடு போன நாளை அவர் எனக்காக அப்படி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வெயிலில் நான் தலையை மட்டும் ஆட்டினேன். இப்போது எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது, டீ மேக்கர் காலமாகி ஏழு வருடம் ஆகிறது. அந்த நரம்பு சரியானதுதான் என்று எத்தனை பேர் முன்னாலும் இன்றைக்கும் என்னால் நிரூபித்துக் காட்ட முடியும். அன்று ஒரு நாள் மட்டும் அதை நிரூபிக்காமல் இருந்திருக்கலாம்.